நாலரைக் கட்டையில் ஒரு பொய்

"அத்தை, உங்கள் அரசி பதினோரு அத்தியாயமாக ஒரு வரிகூடப் பாடவில்லை. இசையால் மந்திரம் செய்பவள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டீர்கள். எப்போதுதான் வாயைத் திறப்பாள்?"

கேட்டவள் என் அண்ணன் மகள். 13 வயது. கேட்ட இடம் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையின் உணவுக்கடைகள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஒரு மேசை கிடைப்பதே பூர்வ ஜென்மப் புண்ணியம். கிடைத்த மேசையில் இலக்கிய விமர்சனம் வேறு. அவள் தட்டில் பாதித் தோசை. என் கோப்பையில் தே தாரேக் ஆறி ஆடை கட்டியிருந்தது. பதில் தெரியாதபோது பெரியவர்கள் செய்வதையே நானும் செய்தேன். "முதலில் சாப்பிடு, தோசை ஆறுகிறது" என்றேன்.

மூன்று ஆண்டுகளாக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பகலில் கணக்குப் பிரிவில் வேலை. இரவில் தீவு, அரண்மனை, மந்திரம். இதுவரை இதற்கு ஒரே வாசகி இவள்தான். பள்ளிக்குப் போகும் ரயிலில் கைபேசியில் படிப்பாள். பிடிக்காத பத்தியைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புவாள். காரணம் எழுத மாட்டாள். வட்டம் மட்டும்தான். அந்த வட்டங்களுக்கு நான் பயப்படுகிற அளவுக்கு என் மேலதிகாரிக்குக்கூடப் பயந்ததில்லை.

அரசியின் பெயர் விளரி. 19 வயது. ஆற்றுமுகத்தில் கிடக்கும் ஒரு தீவு அவள் நாடு. இரண்டு கடல்களை இணைக்கும் குறுகிய நீரிணைக்கு அதுவே வாசல். சிங்கப்பூரில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு வேறு எந்த நிலப்படம் மனத்தில் வரும்? அவள் பிறந்த இரவில் அரண்மனைப் பாணன் வாழ்த்துப் பாட யாழை எடுத்தான். எந்தப் பண்ணைத் தொடங்கினாலும் நரம்பு விளரிக்கே சரிந்தது. விடிவதற்குள் அவள் தந்தை களத்தில் விழுந்த செய்தி வந்து சேர்ந்தது. சரிந்த நரம்பின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள்.

இது முழுக்க என் கற்பனை அல்ல. புறநானூற்றின் 260ஆம் பாட்டில் ஒரு பாணனின் யாழ் இப்படித்தான் மீட்ட மீட்ட விளரிக்குத் திரும்புகிறது. அவன் தேடிப் போகும் தலைவனோ ஆநிரை மீட்கும் போரில் இறந்து நடுகல்லாகிவிட்டான். விளரி இரங்கலுக்கு உரிய பண். பழந்தமிழர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களை எண்ணியபோது ஆறாவது இடத்தில் வைத்ததும் விளரியைத்தான். இன்று நாம் 'த' என்கிறோம். இந்த ஆறாவது இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனத்தை மூடி வைத்திருக்கும் ஒரு பெண்ணை எழுதுவது எனக்கு லேசில் வரவில்லை. முதல் வரைவில் விளரி யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, யாருக்கும் முழுப் பதில் சொல்லவில்லை, அமைச்சர்கள் பேசும்போது ஜன்னலைப் பார்த்தாள். ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது அரசி அல்ல, தூக்கம் போதாத மேலாளர். இந்த வகைக் கதைகளில் இது ஒரு தொற்றுநோய். இளம் அரசி என்றால் பனிக்கட்டி முகம், சுருக்கென்ற பேச்சு. ஏன் இப்படி என்று கேட்டால், சிறுவயதில் யாரோ துரோகம் செய்ததாக ஒரு அத்தியாயத்தை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அது போதவில்லை. வாசலில் காவலாளி நிற்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று எழுதுகிறவளுக்கே தெரியாவிட்டால் அந்தக் காவலாளி வெறும் சீருடை.

விளரி எதைக் காக்கிறாள்? இரண்டு ஆண்டுகள் எனக்கே தெரியவில்லை. கடைசியில் அது எங்கள் பழைய வீட்டிலிருந்துதான் கிடைத்தது.

அங் மோ கியோவில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தேன். என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவரை பாக்சிக் (மாமா) என்போம். அவர் இரவு வேலை முடித்து விடியற்காலையில் வந்து படுப்பார். நான் விடியற்காலையில் பாட்டுச் சாதகம் செய்ய வேண்டியவள். அம்மா ஒரு சட்டம் போட்டார். ஜன்னலைச் சாத்து, மின்விசிறியை மூன்றில் வை, பிறகு பாடு, உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சரளி வரிசையை நான் கற்றது அப்படித்தான், உதடு அசையும் அளவுக்கு, ரகசியம் சொல்வதைப் போல. மின்விசிறியின் இரைச்சலுக்குள் என் மத்தியமமும் பஞ்சமமும் ஒளிந்துகொண்டு ஏறி இறங்கும்.

சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் வகுப்பு. கீழே பூக்கடை, படியேறும்போதே மல்லிகை வாசம் கூட வரும். ஆசிரியை சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டை என்னும் ஆதார ஒலியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நான் பாடத் தொடங்கியதும் திறப்பார். "வாயைத் திற அம்மா. நீ பாடுவது அகாரமா உகாரமா? ஆ என்றால் ஆ." திறந்தேன். வீட்டுக்குப் போய் மறுபடி மூடினேன். எனக்கு இரண்டு குரல்கள் உண்டாயின, சனிக்கிழமைக்கு ஒன்று, மற்ற ஆறு நாட்களுக்கு ஒன்று. ஆறு பங்கு உள்ளதுதானே ஜெயிக்கும்? உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு ஆண்டில் பாட்டு வகுப்பை விட்டேன். யாருக்கும் யார்மேலும் வருத்தம் இல்லை.

பிறகு பல ஆண்டுகள் கழித்து பாக்சிக் வீட்டுத் திருமணம். புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல், கொம்பாங் மேள முழக்கம், நெய்ச்சோறு. அவரிடம் பேச்சுவாக்கில், "சின்ன வயதில் நான் பாடியே உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பாடுவாயா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

எட்டு ஆண்டுகள். ஒரே ஒரு சுவர். ஒரு சுரம்கூட அந்தப் பக்கம் கசியவில்லை.

அந்த நொடியில் எனக்கு வந்தது வருத்தம் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் முதலில் வந்தது பெருமை. எவ்வளவு கச்சிதமாக மறைத்திருக்கிறேன்! வருத்தம் வந்தது இரண்டு நாள் கழித்து, பஸ்ஸில், காரணமே இல்லாமல். விளரியின் முகம் அந்தப் பெருமைதான் என்று அன்றைக்குப் பிடிபட்டது. தன்னை மூடி வைத்திருப்பவள் பயந்தவளாக இருக்கலாம், அடிபட்டவளாகவும் இருக்கலாம். அதோடு அவள் தன் திறமையில் மயங்கியவளும்கூட. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அவள் வாங்கும் கைதட்டல்.

இனி மந்திரத்துக்கு வருகிறேன்.

இசைக்கு மந்திர சக்தி உண்டு என்றதும் நம் ஆட்களுக்கு மழை பெய்விப்பதும் விளக்கு ஏற்றுவதும்தான் நினைவுக்கு வரும். சங்கப் பாட்டில் இருப்பது அதைவிடச் சுவையானது. அகநானூறு 102இல் ஒரு மலைப்பெண் கூந்தலைக் கோதிக்கொண்டு குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினையைத் தின்ன வந்த இளங்களிறு கதிரைக் கொய்யவும் இல்லை, நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை. அப்படியே தூங்கிப் போகிறது. அவள் யானையை விரட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வந்த காரியத்தை மறந்துவிட்டது, அவ்வளவுதான். பொருநராற்றுப்படையில் பாலை யாழைக் கேட்ட வழிப்பறிக் கள்வர்கள் கையிலுள்ள ஆயுதத்தைப் போட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டிலும் இசை செய்வது ஒன்றுதான்: எதிரில் நிற்பவனின் விருப்பத்தைச் சத்தமில்லாமல் கழற்றி வைக்கிறது. அழகுதான். கொஞ்சம் பயங்கரமும்கூட.

பயங்கரம் முழுதாக வெளிப்படுவது அசுணத்தில். யாழிசைக்கு உயிரை விடும் ஒரு விலங்கு. பறவை என்றும் சொல்வார்கள். அகநானூறு 88இல் வண்டின் ரீங்காரத்தை யாழ் என்று நினைத்துக்கொண்டு அது குகைக்குள்ளிருந்து காது கொடுக்கிறது. நற்றிணை 304இல் ஒரு தலைவி, தலைவனின் மார்பு அசுணம் கொல்பவரின் கையைப் போன்றது என்கிறாள்; இன்பமும் துன்பமும் ஒரே கையிலிருந்து. வேடர்கள் யாழ் வாசித்து அசுணத்தை வெளியே வரவழைப்பார்கள், அது மயங்கி நிற்கும்போது பறையை அறைவார்கள், அது துடித்து விழும் என்று உரைகள் விளக்குகின்றன.

இதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. விளரியின் மந்திரம் முழுவதும் இந்த ஒரு உவமைக்குள் இருந்தது. கேட்கத் தெரிந்தவனைத்தான் இசையால் கொல்ல முடியும். அரண்மனையிலேயே நுட்பமான காது யாருடையது? அரசியுடையது. அப்படியென்றால் அந்நாட்டில் எளிதில் கொல்லப்படக்கூடியவளும் அவளே. வேடன் எந்த யாழை வாசிக்க வேண்டும் என்பது மட்டும் வெளியே தெரிந்துவிடக் கூடாது.

இங்கே என் ஆசிரியை ஒருமுறை செய்து காட்டிய வித்தை கைகொடுத்தது. இரண்டு தம்புராக்களை ஒரே சுருதியில் சேர்த்தார். ஒன்றின் தந்தியில் விரல்நகம் அளவுக்கு ஒரு காகிதத் துண்டை மடித்து உட்கார வைத்தார். மற்றதை மீட்டினார். யாரும் தொடாத தந்தியின் மேல் காகிதம் துள்ளி விழுந்தது. அடுத்துத் தன் தம்புராவின் தந்தியை மயிரிழை தளர்த்திவிட்டு மறுபடி மீட்டினார். காகிதம் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தது. இயற்பியலில் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது இரண்டு மதிப்பெண் கேள்வி. கடைவீட்டு மாடியில் பார்த்தபோது அது பேய்.

ஆகவே என் கதையில் ஒவ்வோர் உயிருக்கும் ஓர் ஆதார சுருதி உண்டு. அது தெரிந்தவன் உன்னைத் தொடாமலே அதிரவைக்கலாம், தூங்கவைக்கலாம், வாளைக் கீழே போடவைக்கலாம். குடிமக்களின் சுருதியைப் பிறப்பிலேயே ஓலையில் பதிவார்கள். அரசியின் சுருதி எந்த ஓலையிலும் இல்லை. அவள் அவையில் பாடாததற்குக் காரணம் ஆணவம் அல்ல. பாடினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இசைக்கு வலிமை உண்டு என்று உண்மையிலேயே நம்புகிற அரசு என்ன செய்யும்? விதி போடும். சிங்கப்பூர் அடையாள அட்டைக்காரி எனக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் தைப்பூச நடை ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் தடை வந்தது. குழுக்கள் போட்டி போட்டு அடித்துக்கொண்டதால் ஊர்வலம் குலைந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மேளமில்லாத தைப்பூசத்தில்தான். அண்ணன் காவடி எடுத்த ஆண்டில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நாங்கள் கைதட்டியும் தொண்டையை வைத்துமே அவனை நடத்திக்கொண்டு போனோம். பாதி வழியில் அத்தனை பேருக்கும் குரல் கட்டிவிட்டது. அவன் கால் தடுமாறும்போதெல்லாம் ஒரு பாட்டி மட்டும், யார் வீட்டுப் பாட்டியோ தெரியாது, "வேல் வேல்" என்று வெண்கலத்தைத் தட்டியதைப் போலக் கொடுத்தார். அவன் நிமிர்ந்தான். அந்தப் பாட்டி பிறகு கூட்டத்தில் எங்கே போனார் என்று தெரியவில்லை.

2016இல் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. அதற்குப் பிறகு ஓர் ஆண்டு நான் நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தேன். தவில் ஒலிக்கும் இடத்துக்கு இருபதடி முன்பே காவடிக்காரரின் முழங்கால் மாறிவிடுகிறது. தோள் லேசாகிறது. மேடையைத் தாண்டும் வரைக்கும் ஆட்டம். தாண்டிச் சிறிது தூரம் போனதும் மறுபடி மனித நடை, சலங்கைச் சத்தம், மூச்சு. சாலையில் யாரோ கண்ணுக்குத் தெரியாத வட்டங்கள் வரைந்துவைத்ததைப் போல் இருந்தது. உள்ளே நுழைந்தால் ஓர் உலகம், வெளியே வந்தால் வேறு.

அன்றிரவே விளரியின் நாட்டில் 'ஒலிவட்டங்கள்' பிறந்தன. அவளுடைய தீவில் வட்டத்துக்கு வெளியே முழவு அடித்தால் குற்றம். வலிமையைத் தானே அறிந்தவள் அதை மற்றவர்களுக்கு அளந்து கொடுக்கிறாள். இந்த அத்தியாயத்துக்கு அண்ணன் மகளிடமிருந்து முதல்முறையாக வட்டத்துடன் வார்த்தையும் வந்தது: "இவள்தான் வில்லியா?" பாதி ஆம் என்று பதில் போட்டேன். அடிதடியில்லாத ஊர்வலத்தின் அருமை எனக்குத் தெரியும். கைதட்டிக் கைதட்டிச் சிவந்த உள்ளங்கையும் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நானும் விளரியைப் போலவே ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

அவளுடைய ஆசையைப் பற்றிச் சொல்லாமல் போனால் அவளுக்குக் கோபம் வரும்.

சங்க காலத்தில் அரசன் என்றால் முரசு. தோற்றவனிடமிருந்து முதலில் பறிப்பது முரசைத்தான். அதற்குத் தனிக் கட்டில், பூ, பலி, நீராட்டு எல்லாம் உண்டு. முரசு நீராடப் போயிருந்த நேரத்தில் களைத்து வந்த மோசிகீரனார் தெரியாமல் அந்தக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட, வெட்டியிருக்க வேண்டிய சேரன் இரும்பொறை விசிறி எடுத்து வீசிய கதை புறநானூறு 50இல் இருக்கிறது. எங்கள் ஊரில் முரசுக்கு இன்றும் மரியாதை உண்டு, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய பத்திரிகைக்கே தமிழ் முரசு என்றுதானே பெயர்!

விளரியின் தந்தை விழுந்த அன்று அவர் முரசும் நீரிணையின் அக்கரைக்குப் போய்விட்டது. 19 ஆண்டுகளாக அவையில் வெறும் கட்டில்தான். தினமும் அதற்குப் பூப் போடுகிறார்கள். அமைச்சர்கள் அதை வணங்கிவிட்டு உட்கார்கிறார்கள். விளரி வணங்குவதில்லை. முரசை மீட்க வேண்டும் என்று அவள் சொல்வாள் என அவர்கள் காத்திருக்கிறார்கள். அவளோ சுங்கக் கணக்கைக் கேட்கிறாள். நீரிணையில் ஒரு நாளில் எத்தனை மரக்கலம் போகிறது, எந்தக் காற்றில் எவ்வளவு நாள் துறையில் நிற்கிறது, நிற்கும்போது யாரிடம் அரிசி வாங்குகிறது. பழைய முரசு அவளுக்கு வேண்டாம். இரு கரையிலும் கேட்கிற புதிய முரசு ஒன்று வேண்டும். (கணக்குப் பிரிவில் வேலை செய்பவள் எழுதிய அரசி என்பது தெரிந்துவிடுகிறதோ?)

இந்த ஆசைக்குக் காரணம் எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். தந்தையின் சாவுக்குப் பழி, மக்கள் மேல் அன்பு, ஏதாவது ஒன்று. ஆண் அரசன் கடல் தாண்டிப் படையெடுத்தால் மெய்க்கீர்த்தி எழுதுகிறோம். 19 வயதுப் பெண் நீரிணையைக் கேட்டால் காரணம் கேட்கிறோம். நம் பழங்கதைகளில் இசையிலோ ஆட்சியிலோ வல்ல பெண்ணின் கதியைப் பாருங்கள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை யாழில் வெல்பவன் மணக்கலாம் என்று போட்டி; சீவகன் வெல்கிறான், கல்யாணம். மதுரையைத் தனியாக ஆண்ட அல்லியரசாணியை அருச்சுனன் பாம்பு வேடத்தில் வந்து ஏமாற்றித் தாலி கட்டுகிறான். தோற்பதற்காகவே யாழைக் கையில் கொடுப்பதும், மணப்பதற்காகவே கோட்டைக்குள் வைப்பதும் எனக்கு அலுத்துவிட்டது. விளரிக்கு நீரிணை வேண்டும். ஏனென்றால் அது அங்கே இருக்கிறது, அவளால் முடியும். நண்பருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. பரவாயில்லை.

ஆற்றுமுகத்துக் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் வாயில் எழுத்துப் பொறித்த பெரிய பாறை ஒன்று நின்றிருந்தது. 1843இல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்ததில்லை. போன ஆண்டு மதிய உணவு நேரத்தில் போய் அதன் முன் நின்றேன். தேய்ந்த, சாம்பல் நிற, ஒரு கைப்பெட்டி அளவுக் கல். வரிகள் மட்டும் தெரிகின்றன, நெருக்கமாக, சீராக. எனக்கோ உடனே புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலை நினைவுக்கு வந்தது. அங்கே பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வரிவரியாகச் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். கீழே தமிழில் 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய' என்று ஒரு குறிப்பு. எங்கள் ஆற்றுக் கல்லிலும் பாட்டு இருந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரம் கேட்காத இடத்துக்குத்தானே நாவல் என்று பெயர்? என் தீவின் வாயிலில் நிற்கும் கல்லில் அரச குலத்தின் பாட்டு முழுவதும் சுரமாக இருக்கிறது, எந்தச் சுரத்தில் நின்று தொடங்க வேண்டும் என்ற ஒரு குறிப்பைத் தவிர.

அந்தக் குறிப்பில்தான் விளரியின் ரகசியம் இருக்கிறது. சொல்கிறேன், கதை அச்சில் வந்தால் வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கக் கூடாது.

கீபோர்டில் வெள்ளையை விட்டுவிட்டுக் கறுப்புக் கட்டைகளை மட்டும் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்தே ஐந்து. நாலரைக் கட்டையை ஆதாரமாக வைத்து அந்த ஐந்தையும் ஏறி இறங்கினால் மோகனம். ஒரு சுரத்தையும் மாற்றாமல் அடுத்த கறுப்பில் ஆதாரத்தை வைத்தால் மத்தியமாவதி. அதற்கடுத்ததில் இந்தோளம். பிறகு சுத்த சாவேரி. கடைசியில் இரண்டரைக் கட்டையில் நின்றால் சுத்த தன்யாசி. அதே ஐந்து ஒலிகள்தான். நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது, முகம் முழுக்க மாறிவிடுகிறது. பழையவர்கள் இதைப் பண்ணுப்பெயர்த்தல் என்றார்கள். கச்சேரி மேடையில் கிரக பேதம்.

விளரி பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பாடுகிறாள். முழு அவையில், நாலரைக் கட்டைத் தம்புராவோடு. எல்லோருக்கும் கேட்பது மோகனம். ஆய்ச்சியர் குரவையின் முல்லைத் தீம்பாணி இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்லும் பண். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், காத்திருத்தல். சிறுபெண் பொறுமையாகக் காத்திருப்பதாக அமைச்சர்கள் மகிழ்கிறார்கள். ஒற்றன் நாலரை என்று குறித்துக்கொண்டு அக்கரைக்கு ஓலை அனுப்புகிறான். அவள் மனத்துக்குள் நிற்கும் இடமோ வேறு. அங்கிருந்து பார்த்தால் அவர்கள் கேட்டது அவள் பாடிய பாட்டே அல்ல. அந்த இடம் எது என்று நான் எழுதவில்லை. எங்கேயும் எழுதவில்லை. சுவருக்கு அப்பால் போகாமல் பாடியவளுக்கு இது பெரிய வேலையா?

அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை இரவு அனுப்பினேன். வட்டம் வரவில்லை. சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். மகளின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் கீபோர்டு முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மின்விசிறி தேவையில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகள் அமுங்கும் டக் டக் ஒலி மட்டும்தான்.

கறுப்புக் கட்டைகள். ஏறினாள், இறங்கினாள். முதலில் நாலரையில் நின்றாள். தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். அங்கே சற்று நேரம். பிறகு அதற்கடுத்தது. நான் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றாக வந்து இரண்டரையில் விரலை வைத்தாள். மோகனத்தின் 'த', ஏழு சுரங்களில் ஆறாவது. அங்கிருந்து ஏறி அங்கேயே இறங்கினாள். மறுபடியும். விரலை எடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நான் நிற்கிறேன் என்று கேட்கவில்லை.

"பெயரிலேயே இருக்கிறதே அத்தை" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, மறுபடி அந்தக் கட்டையை அழுத்தினாள்.